கண்டியில் ஒரு ரெசிடென்சி ஆலோசனை நிலையம்: கட்டணத்துக்குத் தகுமா?

பேராதனையில் மருத்துவப் பட்டம் பெற்று ஓராண்டு உள்ளகப் பயிற்சியையும் முடித்த பின், அமெரிக்க ரெசிடென்சிக்கு, அதாவது வைத்தியசாலையில் பணியாற்றியபடியே விசேட நிபுணராகப் பயிலும் இடத்துக்கு, விண்ணப்பிப்பதற்காகக் கண்டியிலுள்ள ஓர் ஆலோசனை நிலையத்தில் ஒன்றரை இலட்சம் ரூபாய் கட்டினேன். உள்நாட்டில் விசேட நிபுணராவதற்குப் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சையே வாசல். அதற்கு வழிசொல்ல சீனியர் அக்காமார் விடுதியிலேயே இருந்தார்கள். அமெரிக்க வழிக்கு அப்படி எனக்கு யாரும் வாய்க்கவில்லை.

ஆவண வேலையில் அவர்களைக் குறைசொல்ல முடியாது. அமெரிக்க மருத்துவ உரிமப் பரீட்சைகளான ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சி.கே., ஓ.ஈ.டி. ஆங்கிலத் தேர்வு, வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான ஈ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் ஆகியவற்றை எந்த வரிசையில் முடிப்பது, செப்டெம்பர் விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதங்களை எப்போது கேட்டு வைப்பது என்பதையெல்லாம் நாட்காட்டியில் குறித்துத் தந்தார்கள். ஆனால் அவர்களது படிவத்தில் ஸ்டெப் 1 புள்ளிக்கு மூன்று கட்டங்கள் இன்னும் இருந்தன. 2022 ஜனவரியிலிருந்து அப்பரீட்சைக்குச் சித்தி அல்லது சித்தியின்மை மட்டுமே என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பெரிய ஏமாற்றம், விண்ணப்பதாரி தன்னைப் பற்றி எழுதும் கட்டுரையான பேர்சனல் ஸ்டேட்மென்டில். குளவி கொட்டிய, தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஏழு பெண்கள் ஒரே பிற்பகலில் வார்டுக்கு வந்ததையும், மூச்சுத் திணறிய ஒருவருக்குத் தொடையில் அட்ரினலின் ஏற்றிவிட்டு, மற்ற ஆறு பேரில் அடுத்து யாருக்கு முகம் வீங்குகிறது என்று பார்த்து நின்றதையும் எழுதியிருந்தேன். திருத்தி வந்த பிரதி, நான் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வறுமையில் பிறந்தவள் என்று தொடங்கியது. என் அப்பாவுக்கு ஹட்டன் பஸாரில் கடை இருக்கிறது. அவர் அதை வாசித்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! என் பழைய பிரதியையே அனுப்பினேன்.

விண்ணப்பதாரி தான் விரும்பும் வைத்தியசாலைகளை வரிசைப்படுத்தித் தரும் தரவரிசைப் பட்டியலில், 'கிடைக்கக்கூடிய' வைத்தியசாலையை முதலில் போடுமாறு சொன்னதுதான் உண்மையிலேயே ஆபத்தானது. விண்ணப்பதாரிகளின் பட்டியல்களையும் வைத்தியசாலைகளின் பட்டியல்களையும் பொருத்தி இடம் ஒதுக்கும் மெட்ச் கணிப்பு முறை விண்ணப்பதாரியின் விருப்பத்திலிருந்து தொடங்குகிறது. முதலிடத்தில் இடம் கிடைக்காவிட்டால், இரண்டாமிடத்தில் நமக்குள்ள வாய்ப்பு சிறிதும் குறைவதில்லை. விருப்பமில்லாததை மேலே போட்டால், அதுவே கிடைத்துக் கதை முடிந்துவிடும். அம்முறையை 1990களில் திருத்தியமைத்த அல்வின் ரோத் 2012இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர். அம்முறை இயங்கும் விதத்தை ஓர் ஆலோசனை நிலையம் அறியாதிருப்பது வியப்பு. மார்ச்சில் எனக்குக் கிடைத்தது நான் மூன்றாவதாக இட்ட இடம். அவர்கள் முதலில் போடச் சொன்னதை நான் ஆறாவதாக இட்டிருந்தேன்.

ஆவண உதவிக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லையாம், முழுப் பொதியாகவே எடுக்க வேண்டுமாம்.