ஆதரவு முடிந்த கம்ப்யூட்டர்களோடு ஆறு வருஷம்

2020 ஜனவரி 14, போகி. தெருவில் பழைய பாயும் முறமும் எரிந்த புகை கடைக்குள் வந்துகொண்டிருந்த அன்றைக்குத்தான் விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்தது. ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட் இனி என்னைப் போன்றவர்களுக்கு வராது என்று அர்த்தம். பஞ்சாங்கம் பார்த்துத் தேதி குறித்தார்களோ என்று சிரித்தோம். நான் பழையதைக் கொளுத்தவில்லை. அந்த விண்டோஸ் 7 இன்றைக்கும் என் கடையில் ஓடுகிறது, வேறொரு உடம்புக்குள்.

திருவல்லிக்கேணியில் எட்டடிக்குப் பத்தடிக் கடை. ஜெராக்ஸ், டி.டி.பி, ஸ்பைரல் பைண்டிங். கல்யாணப் பத்திரிகை, கோயில் உற்சவ நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று மேட்டர் அடித்து, லே-அவுட் செய்து, பிரஸ்ஸுக்கு அனுப்பும் வேலை. கடையில் இரண்டு கம்ப்யூட்டர், வீட்டில் ஒரு லேப்டாப். மூன்றுமே இந்த ஆறு வருஷத்துக்குள் ‘ஆதரவு முடிந்தது’ பட்டியலில் சேர்ந்தவை. மூன்றுக்கும் ஒரே மருந்து சரிப்படவில்லை.

“அப்பவே ஏன் மாத்தல?” என்று கேட்பவர்கள் டி.டி.பி கடையில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு விண்டோஸ் மேல் தனிப் பாசமெல்லாம் கிடையாது. என்னைக் கட்டிப்போட்டது பேஜ்மேக்கர் 7, பக்கம் வடிவமைக்கும் மென்பொருள். அதை மேற்கொண்டு வளர்ப்பதை அடோபி 2004-லேயே நிறுத்திவிட்டது. ஆனாலும் என்னைப் போன்ற கடைகள் அதை விடவில்லை. காரணம் ஃபான்ட். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அறிவித்த டேப் குறியாக்கத்தில்தான் என் ஃபான்ட்டுகள் பெரும்பாலும் இருந்தன. ஐரோப்பிய மொழிகளின் கூரை போட்ட ஏ, புள்ளி வைத்த யூ போன்ற எழுத்துகள் உட்காரும் இடங்களில் தமிழ் எழுத்தின் உருவத்தை உட்காரவைக்கும் ஏற்பாடு அது. ஃபான்ட் இருக்கும் மெஷினில் தமிழ். இல்லாத மெஷினில் பிரெஞ்சுக்காரன் தும்மியது போல ஏதோ ஒன்று. பதினாலு வருஷத்து வாடிக்கையாளர் மேட்டர் முழுக்க அப்படித்தான் கிடந்தது. அண்ணன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துத் தம்பி கல்யாணத்துக்குப் பேர் மாற்றிக் கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி வருமானம். ஃபைல் திறக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

அதனால் அந்த 32 பிட் விண்டோஸ் 7 மெஷினை அப்படியே விட்டேன். முதல் இரண்டு வருஷம் ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் ஆபத்து. ‘சும்மா பயமுறுத்தறாங்க’ என்ற எண்ணம் வந்துவிட்டது.

2022-ல் ஒரு வளைகாப்புப் பத்திரிகைக்கு மேட்டர் கொண்டுவந்தவர் பென் டிரைவைக் கொடுத்தார். செருகினேன். மறுநாள் காலையில் என் டி டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தன. டி.டி.பி கடைக்காரர்களுக்குப் பழகிய வியாதிதான் இது. ஃபைல் அழியாது, மறைந்து கிடக்கும். கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘அட்ரிப்’ கட்டளை கொடுத்து மறைப்பை எடுத்தால் திரும்ப வரும். வந்தது. ஆனால் அதற்குள் அதே மெஷினில் செருகிக் கொடுத்த நாலு பேருடைய பென் டிரைவுக்கும் தொற்றியிருந்தது. அதில் ஒருவர் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர். அவரிடம் போய் நின்று விளக்கியது இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்கே நெட் கேபிளைப் பிடுங்கினேன். எப்படியும் அடுத்த வருஷம் குரோம் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. இப்போதெல்லாம் மேட்டர் பாதி வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. கிறுக்கல் கையெழுத்தை போட்டோ பிடித்து அனுப்பிவிட்டு, “நாளைக்குக் காலைல வேணும்” என்பார்கள். அதைத் திறக்க இரண்டாவது மெஷின் இருந்தது, விண்டோஸ் 10-உடன்.

கேபிள் இல்லாத மெஷினுக்கு வைரஸ் பயம் குறையும். வயசுப் பயம் குறையாது. கடை மெரினாவுக்குக் கூப்பிடு தூரம். உப்புக் காற்றில் ரேம் காலில் களிம்பு ஏறும். மாதம் ஒருமுறை கழற்றி, பள்ளிக்கூடத்து அழிரப்பரால் தேய்த்துத் திரும்பப் போடுவது என் வழக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குத் தண்ணீர் கணுக்கால் அளவு உள்ளே வந்தது, சி.பி.யுவைத் தூக்கி ஜெராக்ஸ் மெஷின் தலையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அதற்கும் தப்பித்தது. 2024-ல் ஒரு காலை பவர் பட்டனை அழுத்தினால் பீப், பீப் என்று மட்டும் கத்தியது. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சரிசெய்த பையன் சொன்னான்: “அண்ணா, இந்த போர்டு இனிமே எங்கயும் கெடைக்காது. அடுத்த தடவ போச்சுன்னா என்கிட்ட வராதீங்க.”

அந்த வார்த்தைதான் வேலை செய்தது. மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகள் நாலு வருஷமாகச் செய்யாததை அவன் ஒரு நிமிஷத்தில் செய்தான்.

இனி இரண்டாவது மெஷின். 2017-ல் அசெம்பிள் செய்த ஏழாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடியும் என்று திரையில் அறிவிப்பு வர ஆரம்பித்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும், கூடவே டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். ஒரே ஒரு தலைமுறையில் என் மெஷின் தோற்றது. அந்தச் சோதனையைத் தாண்டிக் குதித்து விண்டோஸ் 11 போட வழிகள் உண்டு, போட்டுத் தருபவர்களும் உண்டு. அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் உத்தரவாதமில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அப்டேட்டுக்காகத்தானே மாறுகிறோம்? அந்த வழி வேண்டாம் என்று விட்டேன்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். 2029 வரை அப்டேட் உண்டு. ரேமை 8 ஜி.பி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி மாட்டினேன். வேகம் வந்ததில் பாதிப் புண்ணியம் எஸ்.எஸ்.டி-க்கே சேரும், லினக்ஸ் போட்டதால் ராக்கெட் ஆகிவிட்டது என்பவர்களை நம்பாதீர்கள். என்னிடம் வேலை பார்க்கும் பெண் முதல் நாள் பார்த்துவிட்டு, “அண்ணா, இது எங்க ஸ்கூல்ல குடுத்த லேப்டாப்ல இருந்ததுதானே?” என்றாள். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது. அவள் அதில் கேம் மட்டும்தான் ஆடியிருக்கிறாள். ஆனாலும் பயமில்லாமல் உட்கார்ந்தாள். எனக்குத்தான் பதினைந்து நாள் ஆயிற்று.

அந்தப் பதினைந்து நாளும் தமிழ் டைப்பிங்கில்தான் போனது. விண்டோஸில் தமிழ் அடிக்க எனக்கு என்.எச்.எம் ரைட்டர் என்ற மென்பொருள்தான் உயிர். மின்ட்டில் அது கிடையாது. ஐபஸ் என்ற மென்பொருளோடு எம்17என் தொகுப்பையும் சேர்த்து நிறுவினால் தமிழ்99, தட்டச்சு, இன்ஸ்க்ரிப்ட் என்ற விசைப்பலகை முறைகள் எல்லாம் கிடைக்கும். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்துத் தேறிய பழைய ஆள். தட்டச்சு முறையைத் தேர்ந்தெடுத்தும் சில விசைகளில் விரல் தடுக்கியது. கடைசியில் வெறுத்துப்போய், ஐம்பத்திரண்டு வயசில், தமிழ்99 கற்றுக்கொண்டேன். இதை முன்பே செய்திருக்கலாம். பழைய லேசர் பிரிண்டருக்குத் தனியாக ஒரு ப்ளக்-இன் இறக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் போனது. ஸ்கேனர் செருகியதும் வேலை செய்தது.

மின்ட் மெஷினால் கிடைத்த பெரிய லாபம் நான் நினைத்தே பார்க்காதது. யார் பென் டிரைவ் கொடுத்தாலும் இப்போது முதலில் அதில்தான் செருகுவோம். ஷார்ட்கட் வைரஸ் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. மின்ட்டில் அது செத்த ஃபைலாகக் கிடக்கும், உள்ளே மறைந்திருக்கும் ஃபோல்டரும் கண்ணுக்குத் தெரியும். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துத் தருகிறோம். ஹெட்மாஸ்டர் சாரின் பென் டிரைவையும்தான்.

அடுத்தது அந்தப் பழைய விண்டோஸ் 7. டிஸ்க்2விஹெச்டி என்று மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவி ஒன்று இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் மொத்த டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக மாற்றித் தரும். அந்த ஃபைலை மின்ட்டில், கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் திறந்தேன். நீலத் திரை. மறுபடி, நீலத் திரை. ராத்திரி பதினோரு மணிக்குத்தான் காரணம் பிடிபட்டது: பழைய மெஷின் டிஸ்க்கை ஐ.டி.இ என்ற பழைய இணைப்பு முறையில் பார்த்துப் பழகியது, விர்ச்சுவல்பாக்ஸ் அதைச் சாட்டா என்ற புது முறையில் காட்டுகிறது. செட்டிங்கில் டிஸ்க்கை ஐ.டி.இ-க்குக் கீழே மாற்றிப் போட்டதும், பேஜ்மேக்கரும் அதே ஃபான்ட் பட்டியலும் டெஸ்க்டாப்பில் என் அம்மா படமும் வந்து நின்றன. 2 ஜி.பி ரேம் ஒதுக்கியிருக்கிறேன், தாராளம். நெட்வொர்க்கை அணைத்தாயிற்று. மின்ட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் பொது. பழைய பத்திரிகையைத் திறந்து, பேர் மாற்றி, பி.டி.எஃப் ஆக்கி அந்த ஃபோல்டரில் போட்டால் முடிந்தது.

புது வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்க்ரைபஸ் என்ற இலவச லே-அவுட் மென்பொருளுக்கு மாற்றுகிறேன். அதன் 1.6 பதிப்பில் யுனிகோடு தமிழ், அதாவது எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியாக்கம், ஒழுங்காகக் கோத்து வருகிறது, பழைய பதிப்புகளை நம்ப வேண்டாம். பேஜ்மேக்கர் ஃபைலை லிப்ரே ஆஃபீஸ் டிராவும் திறக்கும். எழுத்து வரும், லே-அவுட் சரியும். மேட்டரை உருவி எடுக்க அது போதும். உருவியதை யுனிகோடாக மாற்றும்போதுதான் கவனம் தேவை. ஒரு பத்திரிகையில் மணப்பெண் பேர் கௌசல்யா. நல்ல பெரிய எழுத்தில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டுப் போட்டிருந்தேன். ப்ரூஃப் பார்த்த பெண்ணின் மாமா நிமிர்ந்து, “என்னங்க, எங்க பொண்ணு பேரு கெ, ள, சல்யாவா?” என்றார். பழைய ஃபான்ட்டில் ஔகாரத்தின் பின்பாதியும் ள என்ற எழுத்தும் ஒரே உருவம். மாற்றியில் போட்டெடுத்தபோது அது ள ஆகவே வந்திருந்தது. நெருக்கி அச்சடித்தால் கண்ணுக்கே தெரியாது. இடைவெளி விட்டதால் பிரிந்து நின்றது. இப்போது மாற்றிய ஒவ்வொரு மேட்டரிலும் கெள, மெள, செள என்று தேடிப் பார்த்துத் திருத்துகிறோம். கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றினால் ‘கெளுத்தி’ மாதிரி சரியான வார்த்தையும் கெட்டுவிடும் என்பதால் ஒவ்வொன்றாக. ஸ்ரீ இன்னொரு தலைவலி: ஸ-வில் தொடங்குவது, ஶ-வில் தொடங்குவது என்று யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், தேடினால் ஒன்றுக்கொன்று சிக்காது. பார்த்தசாரதி கோயில் பக்கத்தில் கடை வைத்துக்கொண்டு ஸ்ரீ இல்லாமல் எத்தனை நோட்டீஸ் அடிக்க முடியும்?

வீட்டு லேப்டாப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 10. அதுவும் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை. மனைவிக்கு மின்ட் பிடிக்கவில்லை. “கடைல என்ன வேணா பண்ணுங்க, இதுல கை வைக்காதீங்க” என்றாள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும், தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். செட்டிங்குகளை அவர்கள் கிளவுடில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு கிடையாது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். எனக்கு இது மாற்றம் இல்லை, வாய்தா. அதற்குப் பிறகு என்ன என்று வீட்டில் இன்னும் பேச்சை எடுக்கவில்லை.

மாற்று கிடைக்காமல் நிற்பது அலங்கார ஃபான்ட்டுகள். மீரா இனிமை, கவிவனார், முக்த மலர் என்று நல்ல இலவச யுனிகோடு ஃபான்ட்டுகள் வந்திருக்கின்றன; தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் கிடைக்கின்றன. ஆனால் மாமிகள் விரல் வைத்துக் காட்டும் அந்தச் சுழிபோட்ட கல்யாண எழுத்து இன்னும் டேப்பில்தான் என்னிடம் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. அவற்றுக்காக மட்டும் விர்ச்சுவல்பாக்ஸைத் திறக்கிறோம், வாரத்துக்கு இரண்டு முறை போல.

பழைய கேபினெட் மேஜைக்கடியில் இருக்கிறது. அதன்மேல் ஏ4 பண்டில் அடுக்கியிருக்கிறோம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு வீட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.