தெருநாயைக் கூட்டி வந்தா முதல் மாசம் எங்க வைக்கிறது? சங்கிலி, கூடு, வளவு, வீட்டுக்குள்ள: ஒரு ஒப்பீடு

எங்கட திருகோணமலையில எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் கனபேர் இப்ப காசு குடுத்து பிறீட் நாய் வாங்காம உப்புவெளி, நிலாவெளி பீச்சில திரியிறதையோ மீன் சந்தைப் பக்கம் நிக்கிறதையோ வீட்டுக்குக் கூட்டி வாறாங்க, இதைவிட நல்ல விசயம் வேற இல்ல. ஆனா கூட்டி வந்த அண்டைக்கே ஒரு கேள்வி வரும், இதை எங்க வைக்கிறது. சாப்பாடு, ஊசி, குளிப்பாட்டுறது எல்லாத்துக்கும் ஆளாளுக்கு ஒவ்வொரு கதை சொல்லுவாங்க, இடத்தைப் பற்றி மட்டும் ஒருத்தரும் யோசிக்கிறதில்ல, மாமரத்தில ஒரு சங்கிலி, அதோட சரி. நான் பாத்த அளவில நாய் அந்த வீட்டோட ஒட்டுதா இல்லாட்டி திரும்ப ரோட்டுக்குப் போகுதா எண்டது முக்கால்வாசி இந்த இட விசயத்திலதான் தங்கியிருக்கு. அதால நாலு வழியையும் ஒண்டோட ஒண்டு ஒப்பிட்டுப் பாப்பம், எனக்கு எது சரியெண்டு படுதோ அதையும் ஒளிக்காம சொல்லுறன்.

அதுக்கு முதல் நாய்ட நிலைமையை விளங்கோணும். பீச் நாய் எண்டா மே மாசத்தில இருந்து செப்டெம்பர் வரைக்கும் சீசன், வெளிநாட்டுக்காரர் குடுக்கிறது, ஹொட்டல் குசினியில மிஞ்சுறது எண்டு நல்லா சாப்பிட்டு, வள்ளத்துக்குக் கீழ மண்ணைத் தோண்டிப் படுத்து, யார் அடிப்பான் யார் பாண் போடுவான் எண்டு முகம் பாத்தே தெரிஞ்சு வச்சிருக்கிற நாய். அதை ஓட்டோவில ஏத்திக் கொண்டு வந்து நாலு சுவருக்கு நடுவில விட்டா அதுக்குத் தெரிஞ்ச ஒண்டுமே அங்க இல்ல. முதல் ரெண்டு மூண்டு நாள் சிலது சாப்பிடாது, ஒண்டுக்கு ரெண்டுக்குக்கூட போகாது, மூலையில சுருண்டு கிடக்கும், அதைப் பாத்துட்டு வீட்டுக்காரர் "எவ்வளவு சாதுவான நாய், சத்தமே இல்ல" எண்டு சந்தோசப்படுவாங்க. அது சாது இல்ல, பயத்தில உறைஞ்சுபோய்க் கிடக்கு. கொட்டாவி விடுறது, மூக்கை நக்குறது, வாலைக் காலுக்குள்ள செருகிறது, கண்ணிட வெள்ளை தெரியப் பக்கத்தால பாக்கிறது எல்லாம் அந்தப் பயத்திட அடையாளம்தான். நாய் தத்துக் குடுக்கிற ஆக்கள் 3-3-3 எண்டு ஒரு கணக்கு சொல்லுவாங்க, 3 நாள் மிரட்சி, 3 கிழமையில வீட்டு ஒழுங்கு பிடிபடும், 3 மாசத்தில இது என்ர வீடு எண்டு நினைக்கும். எல்லா நாய்க்கும் அப்பிடியே பொருந்தாது, ஆனாலும் ஒரு அளவுக்கு வச்சுக்கொள்ளலாம். மூண்டாம் கிழமையளவில பயம் தெளிஞ்சு குரைக்க, செருப்புக் கடிக்க, சாப்பாட்டுக் கோப்பைக்குக் கிட்டப் போனா உறுமத் தொடங்கும், அந்த நேரம்தான் கனபேர் "நாய் மாறிட்டுது" எண்டு சொல்லிக் கொண்டுபோய் விட்டுட்டு வாறது. நாய் மாறேல்ல, இப்பதான் உண்மையா வாயைத் திறக்குது.

சரி, சங்கிலி. செலவில்ல, நாய் ஓடிப்போகாது, இந்த ரெண்டும்தான் அதுக்கு ஆதரவாச் சொல்லக்கூடியது. பகலில கட்டி ராவில அவிட்டு விடுறது எங்கட அப்பப்பா காலத்துப் பழக்கம்தான், ஆனா அப்ப வளவு பெரிசு, வீட்டில எந்த நேரமும் ஆள் இருக்கும், நாயும் குட்டியில இருந்து அங்கேயே வளந்தது. தெருவில வளந்த நாய் பயம் வந்தா முதல்ல தள்ளிப் போகும், அதாலதான் அது இவ்வளவு காலம் உயிரோட இருக்கு. கட்டி வச்சா அந்த வழி அடைபட்டுப் போகும், மிச்சம் இருக்கிறது உறுமுறதும் கடிக்கிறதும்தான். அமெரிக்காவில டென்வர் நகரத்தில கடிச்ச நாயையும் கடிக்காத நாயையும் ஒப்பிட்டு 1994இல ஒரு ஆய்வு வந்தது, கடிச்ச நாய் வளவில சங்கிலியில கட்டுற நாயா இருக்கிற சாத்தியம் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. கட்டினதால கடிச்சுதோ, கடிக்கிற நாயெண்டு கட்டினதோ எண்டு கேக்கலாம், அது நியாயமான கேள்வி, ஆனா புதுசா வந்த நாயில இதை ஏன் சோதிச்சுப் பாக்கோணும்? அதோட எங்கட வெயில். கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில மத்தியானம் வெளியில நிண்டாலே தலை சுத்தும், நாய்க்கு எங்களைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு இளைச்சுத்தான் சூட்டைக் குறைக்கும், காலையில மரநிழலில கட்டின நாய் ரெண்டு மணிக்கு நடு வெயிலில நிக்கும், சங்கிலி மரத்தைச் சுத்தி இறுகித் தண்ணிச் சட்டியும் கவிண்டு கிடக்கும். கட்டாயம் கட்டத்தான் வேணுமெண்டா ரெண்டு மரத்துக்கு நடுவில உயரத்தில கம்பி இழுத்து அதில வளையம் போட்டு நாய் அங்க இங்க நடக்கிற மாதிரிக் கட்டுங்க, கழுத்தில இல்லாம நெஞ்சைச் சுத்திப் போடுற பட்டியில, அதான் ஹார்னஸில மாட்டுங்க, ஆள் பக்கத்தில இருக்கிற நேரம் மட்டும். நாலிலயும் கடைசி இடம் இதுக்குத்தான்.

கூடு சங்கிலியைவிட நல்லம், ஆனா எங்கட ஊரில செய்யிற கூட்டைப் பாத்தா மனம் வருந்தும். வெல்டிங் கடையில ஆளுக்குச் சொல்லி ஒண்டு அடிப்பிப்பாங்க, மேல தகரம், கீழ சீமெந்து, கிணத்தடிக்குப் பின்னால ஒருத்தரும் போகாத மூலை. நாய்க்கு அது மறியல்தான். அதே கூட்டை விறாந்தைக்குப் பக்கத்தில ஆக்கள் போய்வாற இடத்தில வச்சு, தகரத்துக்கு மேல கிடுகு போட்டு, உள்ள ஒரு சாக்கு விரிச்சு, சாப்பாட்டை உள்ளேயே குடுத்து, வீட்டில ஆள் நிக்கிற நேரம் கதவைத் திறந்தே விட்டா கொஞ்ச நாளில நாய் தானாப் போய்ப் படுக்கும். எழும்பி நிக்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் வேணும், தண்டனைக்குப் பூட்டவே கூடாது. கூடு உண்மையிலேயே தேவைப்படுற வீடும் இருக்கு. நடக்கத் தொடங்கின பிள்ளை இருந்தா, ஏற்கெனவே ஒரு நாய் இருந்தா, வந்த நாய் சொறியோட உண்ணியோட வந்திருந்தா பிரிச்சு வைக்கத்தான் வேணும். பார்வோ, டிஸ்டெம்பர் எண்டு நாய்க்கு நாய் தொத்துற வருத்தங்கள் வெளியில தெரிய நாள் எடுக்கும், அதால ரெண்டு கிழமைக்காவது பழைய நாயையும் புது நாயையும் தட்டு, படுக்கை எல்லாம் வேற வேறயா வைக்கிறது புத்தி. உண்ணி கடிச்சு வாற காய்ச்சலும் எங்கட பக்கம் கூட, நாய் சோர்ந்து பல் முரசு வெளிறியிருந்தா பாத்துக்கொண்டு இருக்காம மிருக டொக்டரிட்டக் காட்டுங்க.

அடுத்தது வளவில சும்மா அவிட்டு விடுறது. கேக்க இதுதான் அன்பான வழி மாதிரி இருக்கும், சுதந்திரமா இருந்த நாய் சுதந்திரமாவே இருக்கட்டும் எண்டு. சுத்திவர மதில், கீழ இடைவெளி இல்லாத கேற், ஆளோட ஏற்கெனவே பழகின நாய், இந்த மூண்டும் இருந்தா நானும் ஓம் எண்டுதான் சொல்லுவன். ஆனா எங்கட வளவு கனக்க கம்பி வேலி, அதுவும் பாதி பழசு. உப்புவெளியில பிடிச்ச நாயை ரவுண் பக்கம் உவர்மலைக்குக் கொண்டு வந்தா அது நாய்க்கு ஒரு தூரமே இல்ல, ராவோட ராவா நடந்து பழைய ஹொட்டல் வாசலில போய் நிக்கும், நடுவில ரோட்டில பஸ் அடிச்சாத்தான் வராது. அடுத்தது மான். கோட்டைக்குள்ளயும் ரவுணுக்குள்ளயும் மான் சும்மா திரியிற ஊர் எங்கட ஊர், நாய் துரத்தத் தொடங்கினா, அதுவும் நாலைஞ்சு சேந்தா, குட்டி மான் தப்பாது. அக்கம்பக்கத்தையும் யோசிக்கோணும். பக்கத்து வீடு முஸ்லிம் ஆக்களெண்டா நாயிட எச்சில் பட்ட இடத்தை அவங்கட மார்க்க முறைப்படி கழுவ வேண்டி வரும், எங்கட நாய் அவங்கட முத்தத்துக்குப் போறது அவங்களுக்கு உண்மையான கரைச்சல், அதில சண்டை பிடிக்கிறதுக்கு எங்களுக்கு நியாயமே இல்ல. இது எல்லாம் சரியா இருந்தாலும் இன்னொரு பிரச்சினை, பயந்த நாய் வளவில விட்டா தண்ணித் தாங்கிக்குக் கீழயோ விறகுக்குப் பின்னாலயோ ஒரு குழி தோண்டி அங்கேயே இருந்துடும், சாப்பாடு வச்சிட்டு நீங்க போனாத்தான் வந்து சாப்பிடும், மாசக்கணக்கில உங்களோட ஒட்டாது.

என்ர தெரிவு வீட்டுக்குள்ள ஒரு மூலை, முதல் மூண்டு நாலு கிழமைக்கு. பெரிய அறையோ ஏசியோ ஒண்டும் தேவையில்ல. குசினிக்குப் பக்கத்து ஸ்டோர், மூடின விறாந்தை, படிக்குக் கீழ இருக்கிற இடம், எதெண்டாலும் ரெண்டு விசயம் மட்டும் வேணும். நாய்க்கு முதுகுக்குப் பின்னால சுவர் இருக்கோணும், வீட்டு ஆக்கள் நடமாடுறது அதுக்குத் தெரியோணும்.

எங்கட மாமி வீட்டில நடந்ததைச் சொல்லுறன். பீச்சில இருந்து வந்த ஒரு செம்மஞ்சள் பெட்டை, வந்த புதிசில டைல்ஸ் நிலத்தில கால் வைக்கவே மாட்டுது, மண்ணில நடந்து பழகின கால் வழுக்குது, நாலு காலும் நாலு பக்கம் போகுது. மாமி பழைய சாக்குகளை வரிசையாப் போட்டு ஸ்டோரில இருந்து பின் கதவு வரைக்கும் ஒரு பாதை மாதிரிச் செய்தவ. மேல சுத்துற ஃபானைப் பாத்துப் படுத்திடும், தும்புத்தடியைக் கையில எடுத்தா மூத்திரம் போயிடும், யாராவது நிலத்தில கிடக்கிறதை எடுக்கக் குனிஞ்சாக்கூட ஓடும், ஏனெண்டா அதுட அனுபவத்தில மனிசன் குனியிறது கல்லெடுக்கத்தான். மாமி கூப்பிடவும் இல்ல, தடவவும் இல்ல. ஒவ்வொரு நாளும் காலையில ஸ்டோர் வாசலில திருவலையைப் போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து தேங்காய் திருவுவா, திருவேக்க ஒரு துண்டைக் கையால பின்பக்கம் போடுவா, திரும்பிப் பாக்க மாட்டா. முதல் துண்டு அப்பிடியே கிடந்து எறும்பு மொய்ச்சுது. பிறகு அவ எழும்பிப் போனாப் பிறகு எடுத்துது, அதுக்குப் பிறகு வயித்தால ஊர்ந்து வந்து அவ இருக்கேக்கையே எடுத்துது, கடைசியில அவட சீலை முந்தானையில மூக்கை வச்சு மணந்து பாத்துது, மாமி அப்பவும் தேங்காய்தான் திருவினா. இதை வளவில செய்யேலாது, சங்கிலியிலயும் செய்யேலாது. கிட்ட வாறதும் விலகிப் போறதும் நாயிட கையில இருந்தது, அதேநேரம் மனிசரிட சத்தம், மணம், நடமாட்டம் எல்லாம் முழு நாளும் அதுட காதிலயும் மூக்கிலயும் பட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குள்ள அசிங்கம் பண்ணுமெண்டு பயப்பிடுறாங்க. வளந்த தெருநாய் பொதுவாப் படுக்கிற இடத்தில போகாது, மண்ணைத்தான் தேடும், அதால விடிய எழும்பின உடனயும் சாப்பிட்டாப் பிறகும் ராவில படுக்க முதலும் ஒரே மண் இடத்துக்குக் கூட்டிப் போனா கெதியாப் பிடிச்சிடும். வெளியில கொண்டு போகேக்க ஹார்னஸ் கட்டாயம், பயந்த நாய் பின்னுக்கு இழுத்துக் கழுத்துப் பட்டியைக் கழட்டிட்டு ஓடும். சாப்பாடு சோறும் மீனும் போதும், அவிச்ச கோழி எலும்பு மட்டும் வேண்டாம், உடைஞ்சு குடலைக் குத்தும். டோக் ஃபூட் குடுக்க விருப்பமெண்டா ஒரு கிழமையளவில கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து மாத்துங்க, உடன மாத்தினா வயித்தாலை போகும். முதல் ராவுகளில ஊளையிட்டா அடிக்காதீங்க, ஹோலில யாராவது பாய் போட்டுப் படுத்தாலே கனக்கக் குறையும்.

அம்மம்மாமார் நாய் வீட்டுக்குள்ள வாறதை விரும்ப மாட்டாங்க, சாமி அறை இருக்கு, விரத நாள் இருக்கு. அவங்களோட வாக்குவாதப்பட வேண்டாம், வைரவரிட வாகனம் எண்டு சொன்னா பாதி இளகிடுவாங்க, மிச்சத்துக்கு சாமி அறைப் பக்கம் ஒரு தடுப்பு வச்சு அதுக்கு இங்கால மட்டும் நாய் எண்டு ஒரு எல்லையைப் போட்டுக் குடுங்க, நாயும் பழகும். உண்மையிலேயே வீட்டுக்குள்ள விடேலாதெண்டா விறாந்தையோட ஒட்டின கூடு, நான் மேல சொன்ன மாதிரி. வாடகை வீட்டுக்காரருக்கும் அதுதான் சரிவரும்.

எந்த வழியெண்டாலும் விசர்நாய் ஊசி முதல் வேலை, பிறகு வருசா வருசம். நாய் கடிச்சாலோ பல் பட்டுக் கீறினாலோ சவுக்காரமும் ஓடுற தண்ணியும் போட்டு 15 நிமிசம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரி, மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில இருக்கக்கூடாது. பெட்டை நாயெண்டா கருத்தடை ஆப்பரேசன், தெம்பு வந்த உடன. 2006இல இருந்து தெருநாயைப் பிடிச்சுக் கொல்லுறதை நிப்பாட்டி ஊசியும் கருத்தடையும்தான் இலங்கையிட வழி, வீட்டுக்காரர் அதைச் செய்யாட்டி அது நடக்காது. 1901இல வந்த நாய்ப் பதிவுச் சட்டம் ஒண்டும் இருக்கு, பதிஞ்சு கழுத்தில அடையாளம் தொங்கினா காணாமப் போனாலும் தேடலாம்.

எப்ப கூட்டி வாறதெண்டதும் இடத்தைப்போல முக்கியம். டிசம்பர் கடைசியும் சித்திரை வருசத்துக்கு முதல் கிழமையும் வேண்டாம், வெடிச் சத்தத்தில புது நாய் மதிலையும் பாஞ்சு ஓடும், தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு யானையைத் துரத்தப் போடுற வெடி வேற, அவங்க முதல் மாசம் ராவில கட்டாயம் நாயை உள்ள எடுக்கோணும். பீச் நாயெண்டா என்னைக் கேட்டா ஒக்டோபர்தான், சீசன் முடிஞ்சு ஹொட்டலில சாப்பாடு குறையேக்க நாயும் ஆளைத் தேடி வரும், மாரி மழை பலக்க முதல் உங்கட வீட்டு மணம் அதுக்குப் பிடிபட்டிடும், வருசக் கடைசி வெடிக்கு இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல கையில இருக்கும்.