11,400 ரூபாயும் வாங்கிக்கொண்டு, வண்டியின் கேட்டலிக்கையும் கழற்றிக்கொண்டார்கள்

சைலன்சர் வேலைக்கு விட்ட இடத்தில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிக் கன்வெர்ட்டர் டப்பாவையே கழற்றிவிட்டார்கள் என்று நேற்று மாலைதான் தெரிய வந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. வடசென்னையில் பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோரும் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

போனது 11,400 ரூபாய். எங்கள் வீட்டில் அது பத்து நாள் உளுந்துக் காசு. கொருக்குப்பேட்டையில் நானும் அம்மாவும் இட்லி மாவு அரைத்துக் காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர்ப் பக்கம் கடைகளுக்குப் போடுகிறோம். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். வண்டி 2008 ஆம்னி. நான் ஓட்டுவேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வருவார்.

இரண்டு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் குறைந்துவிடும். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளி அடைபடுவதால்தான் குறைகிறது, சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இது எனக்கு அப்போது தெரியாது. இஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் மேனிஃபோல்டும் சைலன்சரின் முன்பைப்பும் சேரும் இடத்தில் ரிங் கேஸ்கட் (இடைவெளியை அடைக்கும் வளையம்) தேய்ந்து புகை கசிந்திருக்கிறது. கடல் உப்புக்காற்றும் மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரும் நம் பக்கத்தில் எந்த வண்டியின் அடிப்பக்கத்தையும் விட்டுவைப்பதில்லை.

வழக்கமாக வேலை பார்க்கும் எங்கள் தெரு மெக்கானிக் பாய் ஊருக்குப் போயிருந்தார். அதனால் மூலக்கடை தாண்டி இருக்கும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். எல்லாக் கம்பெனி வண்டியும் பார்ப்போம் என்று போர்டு, கண்ணாடி ஆபீஸ், சீருடை போட்ட ஆட்கள். பெயரை இங்கே எழுதவில்லை.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்ல வேண்டும். அங்கிருந்த அட்வைசர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, விளக்கைப் பிடித்து, ஜாயின்டைச் சுற்றிப் படிந்திருந்த கரியை விரலில் தொட்டுக் காட்டினார். அப்புறம் கேட்டார்: "மேடம், முன்சீட்ல யாராவது பெரியவங்க வர்றாங்களா? அவங்களுக்குத் தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் தலைவலியைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தூக்கம் போதவில்லை என்று நினைத்து நாங்கள் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தோம். ஆம்னியில் இஞ்சினே முன்சீட்டுக்கு அடியில்தான். லாரித் தூசுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுவோம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம் அவரே பொறுமையாக விளக்கினார். ஒன்றுகூடப் பொய் இல்லை. அம்மாவுக்காக இவ்வளவு யோசிக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே 8,000 ஜிபே செய்தேன்.

முன்பைப் புதுசு, கேஸ்கட் புதுசு, போல்ட் புதுசு, கேட்டலிக் சுத்தம் செய்வது, கூலி, எல்லாம் சேர்த்து 11,400 என்றார்கள். மூன்று நாள் கழித்து மீதி 3,400 கொடுத்து வண்டியை எடுத்தேன். சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் தண்டையார்பேட்டை மேம்பாலம் ஏறும்போது அதே சத்தம், முன்பைவிட அதிகமாக. அம்மா அன்றைக்கு வண்டியிலேயே வாந்தி எடுத்தார்.

உடனே போன் செய்தேன். அட்வைசர் லீவு. மறுநாள், "மீட்டிங்ல இருக்கார்." அதற்கு மறுநாள் வேறொருவர் எடுத்து, "பழைய வண்டின்னா அப்படித்தான் மேடம்" என்றார். நேரில் போனால் பில் கேட்டார்கள். என்னிடம் இருந்தது "எக்ஸாஸ்ட் வேலை 11,400" என்று கையால் எழுதிய ஒரு சீட்டு மட்டும். கழற்றிய பழைய சாமான் எங்கே என்றேன். ஸ்கிராப்பில் போட்டாச்சாம். அந்த அட்வைசர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

நேற்று பாய் ஊரிலிருந்து வந்தார். ஜாக் போட்டு வண்டிக்கு அடியில் படுத்தவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கேட்டலிக் எங்கம்மா?" என்றார்.

அந்த டப்பாவே இல்லை. அது இருந்த இடத்தில் வெறும் பைப்பை வெல்டிங் வைத்து, மேலே சில்வர் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் பழைய கேட்டலிக்குக்கு நல்ல விலை உண்டாம். முன்பைப் பழசு. கேஸ்கட்டும் அதே பழசு, சுற்றிலும் ஏதோ பசை. சைலன்சர் சூட்டுக்கு அது நாலு நாள் தாங்கியதே பெரிது. ஸ்பிரிங் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் சாதா போல்ட்டைப் போட்டு முறுக்கியிருக்கிறார்கள். இஞ்சின் ஆடும்போது ஜாயின்ட் கொஞ்சம் அசைந்து கொடுக்கத்தான் அங்கே ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள். இறுக்கிவிட்டதால் பைப்பின் கழுத்தில் புதிதாக ஒரு விரிசல் வேறு.

கேஸ்கட், இரண்டு போல்ட், அரைநாள் கூலி, 1,500-க்குள் முடித்திருப்பேன் என்றார் பாய். நான் கொடுத்தது 11,400. இப்போது கேட்டலிக் இல்லாமல் புகைச் சோதனையில் தேறுவது கஷ்டம், அடுத்த மாதம் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வருகிறது.

பணத்தைக்கூட விடுங்கள். அம்மா அந்தச் சீட்டில் உட்காருவார் என்று தெரிந்து, அந்தப் பயத்தைக் காட்டிக் காசு வாங்கிவிட்டு, அதே புகையில் திருப்பி அனுப்பினார்களே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு நிலையாக இல்லை. வண்டியை விடும் முன் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுங்கள், கேட்டலிக் தெரிகிற மாதிரி. பழைய சாமானைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பில்லில் ஒவ்வொரு சாமானும் தனித்தனியாக இருக்கட்டும். வெல்டிங் என்றால் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். டிக் டிக் சத்தம் இருந்தால் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள், கண்ணாடியை இறக்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம்.

மூலக்கடை, மாதவரம் பக்கம் சமீபத்தில் சைலன்சர் வேலைக்கு வண்டி விட்டவர்கள் இன்றைக்கே குனிந்து பாருங்கள். பைப்பில் புது வெல்டிங்கும் சில்வர் பெயின்ட்டும் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.