மழை நாளில் வன்னி: கேம்பரா, ஹயஸா?

மார்கழி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் இப்போதெல்லாம் ஒரு புதுக் கேள்வியோடு வருகிறார்கள்: கேம்பர் வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வட இலங்கையில் வன்னியைச் சுற்றினால் என்ன? கட்டில், காஸ் அடுப்பு, சின்ன ஃப்ரிட்ஜ், பக்கவாட்டில் இழுத்து விரிக்கிற படங்கு எல்லாம் வைத்து மாற்றிக் கட்டிய வண்டி அது. மற்ற வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாரதியோடு ஒரு ஹயஸ் வான், இரவுக்கு வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஓர் அறை. நான் இரண்டிலும் மழைக்குள் போயிருக்கிறேன். கோடைக்கு வேறு கணக்குப் போட வேண்டும். இங்கே பேசுவது ஐப்பசி முதல் மார்கழி வரை, வடகீழ்ப் பருவமழை கொட்டுகிற நாட்களைப் பற்றி.

மழையில் ஓடுவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இங்கே கிடைக்கிற கேம்பர்களில் பல, அடியில் பார்த்தால் ஹயஸ்தான். எங்கே நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. காட்டு விலங்கைக் காண்பதும் காணாததும் அதில்தான் தங்கியிருக்கிறது.

பகலில் கேம்பருக்கு ஹயஸ் ஈடாகவே ஆகாது. மழை இறுகினால் ஹயஸுக்குள் எல்லோரும் ஒடுங்கி இருக்க வேண்டும். கண்ணாடியில் ஆவி பிடிக்கும், பிள்ளைகள் சிணுங்குவார்கள், சாரதி நேரத்தைப் பார்ப்பார். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க மனம் வராது. கேம்பரில் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் சும்மா இருக்கலாம். அசையாமல் நிற்கிற வண்டியை விலங்குகள் மெல்ல மெல்லக் கணக்கிலெடுக்காமல் விட்டுவிடும்.

இரணைமடு வாய்க்கால் ஓரம், தார் போட்ட இடமாகப் பார்த்து அப்படி ஒருநாள் நின்றோம். முதலில் ஒரு கபரக்கொய்யா (நீர் உடும்பு) வாய்க்காலிலிருந்து ஏறி வந்தது. வாயில் துடிக்கிற மீன். அதை நிலத்தில் அடித்து அடித்துத் தலையைத் திருப்பி விழுங்கியது. பிறகு முதுகில் நட்சத்திரக் கோடு போட்ட ஒரு காட்டாமை, மழை தனக்காகத்தான் பெய்கிறது என்பதைப் போல ரோட்டை நிதானமாகக் கடந்தது. கடைசியாக ஒரு முதலை. குளக்கரையில் வாயைப் பிளந்தபடி கிடக்கிற முதலையைத்தான் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அது நான்கு காலையும் நிமிர்த்தி, வயிற்றை நிலத்தில் படாமல் தூக்கி, வால் நுனி மட்டும் தாரில் இழுபட நடந்து போகும் என்று அவர்களுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் நன்னீர் முதலை குளம் விட்டுக் குளம் இப்படித் தரையால் போகும். இரண்டு வண்டி நீளத்துக்கு அப்பால், எங்களைத் திரும்பியும் பார்க்காமல் போனது. ஹயஸில் வந்திருந்தால் அந்த நேரம் நாங்கள் பரந்தனில் கொத்துரொட்டிக்குக் காத்திருந்திருப்போம்.

யானை என்று வந்தால் கதை மாறும். அங்கே வண்டியை விடச் சாரதிதான் பெரிது. ஒட்டுசுட்டானைத் தாண்டி முள்ளியவளைப் பக்கம் ஹயஸில் போய்க்கொண்டிருந்தபோது, பொழுதுபட முன்னமே மழை இருட்டு. சாரதி அண்ணை வேகத்தைக் குறைத்தார். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்டது ரோட்டில் கிடந்த பச்சைக் கொப்பையும், மழை இன்னும் கரைக்காத லத்தியையும். "ஆள் கிட்டத்தான் நிக்கிறார்" என்றார். லைட்டைக் குறைத்து, எஞ்சினை நிறுத்தாமல், ஹோர்னில் கை வைக்காமல், நேர் பின்னுக்கு எடுத்துத் தள்ளி நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் வீரை மரங்களுக்கிடையிலிருந்து யானை இறங்கி வந்தது. நனைந்த இடமெல்லாம் கறுப்பு, வயிற்றுக்குக் கீழே மட்டும் காய்ந்த சாம்பல் நிறம். நடு ரோட்டில் நின்று தும்பிக்கையை எங்கள் பக்கம் தூக்கி மணந்து பார்த்துவிட்டு மற்றப் பக்கம் இறங்கியது. அண்ணை உடனே எடுக்கவில்லை. "தனிய எண்டு நினைக்காதேங்கோ, பின்னால இன்னொண்டு வரலாம்."

இதையே கேம்பரில் நினைத்துப் பாருங்கள். ஓட்டுவது நீங்கள், ரோட்டில் கிடக்கிற கொப்பு உங்களுக்கு வெறும் கொப்பு. பின்கண்ணாடியைக் கட்டிலோ அலமாரியோ மறைத்திருக்கும். மழையில் பக்கக் கண்ணாடியை மட்டும் நம்பிப் பின்னுக்கு எடுக்க வேண்டும். ரோட்டோர மண் ஊறிப் போயிருக்கும். பாரம் கூடிய வண்டி ஒரு சில்லை இறக்கினாலும் அப்படியே புதையும். வன்னியில் ட்ராக்டருக்குப் பஞ்சமில்லை, கூப்பிட்டால் யாராவது வந்து இழுத்து விடுவார்கள்தான். ஆனால் யானை நிற்கிற இடத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

இரவில் கேம்பர் தோற்றுப் போகும். வெளிநாட்டுப் படங்களில் காட்டுவதைப் போல மரத்தடியில் ஒதுக்கி விட்டுப் படுக்கிற நிலம் இல்லை இது. முதல் காரணம் மிதிவெடி. இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் சேர்ந்தது, துப்புரவுப் பணி நீண்ட காலமாக நடக்கிறது, இன்னும் முழுதாக முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இல்லாத இடமெல்லாம் சுத்தம் என்று எடுக்கக் கூடாது. வெள்ளம் வெடியை இடம் மாற்றியும் விடும். ஊர்ச் சனம் நடக்கிற தடத்தை விட்டு இறங்கவே வேண்டாம்.

அடுத்தது சாப்பாட்டு வாசம். சேமித்து வைத்த நெல்லுக்காக வீட்டுச் சுவரையே இடிக்கிற யானைக்கு, ஒரு தகரக் கதவு எந்த மூலைக்கு? ஒலுமடுப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை ஐயா எங்கள் கேம்பரைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "தம்பி, உள்ளுக்கு வாழைப்பழம் கிடக்கோ?" என்றுதான். கிடந்தது. கடைக்குள் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்.

அதோடு சில்லறைத் தொல்லைகள். மழைக்கு ஜன்னலைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் நுளம்பும் ஈசலும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு காஸ் அடுப்பு எரித்தால் நச்சுவாயு சேரும். அது உயிருக்கே ஆபத்து. சோலார் தகடு மேகத்துக்குள் பெரிதாக ஒன்றும் தராது, ஃப்ரிட்ஜ் விடிய முன் நின்றுவிடும். கழிவுத் தொட்டியைக் கொட்ட முறையான இடம் தேடித் திரிய வேண்டும். இரவில் வெறும் செருப்போடு படியால் இறங்குவதும் நல்லதல்ல. புற்றுக்குள் தண்ணீர் போனால் பாம்பு மேட்டுக்கு வரும், காய்ந்த மேடு என்று அங்கே இருப்பது நீங்கள் நிறுத்தி வைத்த இடம்தான். அறையில் படுத்தவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. சூடான புட்டும் சம்பலும் கதவடிக்கு வரும்.

ரோட்டைப் பொறுத்தவரை ஏ9 பெருந்தெரு சாதாரண மழைக்குத் தாங்கும். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்தபடி போகலாம், ஆனால் பஸ்ஸும் லொறியும் பறக்கிற அந்த ரோட்டில் நிற்க இடமில்லை. விலங்குக்கு மாங்குளம் முல்லைத்தீவு ரோடுதான், ஐம்பது கிலோமீற்றர் அளவில் காடும் வயலும் மாறி மாறி வரும். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாகப் போகிற ரோட்டில் கடைசியில் வட்டுவாகல் பாலம் இருக்கிறது. நந்திக்கடல் களப்பு நிறைந்தால் தண்ணீர் அதன் மேலால் பாயும். பெருமழையில் அந்தப் பக்கம் எந்த வண்டியும் வேண்டாம். பறவைக்கு என்றால் சுண்டிக்குளம். 1938இல் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. ஆனால் மணலும் சேறும் கலந்த பாதைக்கு ஜீப்தான் சரி. குளக்கட்டுக் கிரவல் பாதைகளும் அப்படியே. ஓட்டோ வாடகைக்கு எடுத்து மழையில் சுற்றுகிற வெள்ளைக்காரர்களையும் கண்டிருக்கிறேன். அவர்களின் மனத்தைரியத்தைப் பாராட்டலாம், அவ்வளவுதான்.

செலவில் ஹயஸ்தான் மலிவு, அதுவும் ஐந்தாறு பேர் என்றால் கேட்கவே வேண்டாம். வவுனியாவிலேயே கிலோமீற்றர் கணக்குக்கு ஹயஸ் பிடிக்கலாம். கேம்பர் பெரும்பாலும் கொழும்பு, நீர்கொழும்புப் பக்கம் இருந்துதான் வர வேண்டும். வவுனியாவைத் தொட முன்னமே சுமார் 250 கிலோமீற்றர், திரும்பவும் அதே தூரம்.

வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் நான் இரண்டாம் யோசனை இல்லாமல் ஹயஸ் என்பேன். கோயிலும் சொந்தக்காரர் வீடும்தான் பயணம் என்றாலும் அதுவே போதும். விலங்கு பார்க்கிற ஆசையும் பொறுமையும் உள்ள இரண்டு மூன்று பேர் என்றால் கேம்பர், ஆனால் பகலுக்கு மட்டும். மாலை ஐந்து மணிக்கு முன் மதில் உள்ள வளவு ஒன்றுக்குள் அதைக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். தெரிந்தவர் வீட்டு முற்றமாக இருக்கலாம், தங்குமிடத்து வாகனத் தரிப்பிடமாகவும் இருக்கலாம். கேட்டால் வன்னியில் இடம் தராதவர் குறைவு. அங்கே வண்டிக்குள் படுப்பதும் அறையில் படுப்பதும் உங்கள் விருப்பம். நான் அறையில்தான் படுப்பேன்.

முற்பணம் கட்ட முன் மூன்றைக் கேளுங்கள்: பின்பக்கக் கமரா வேலை செய்கிறதா, புதைந்தால் இழுக்கக் கயிறும் கொக்கியும் இருக்கிறதா, கிரவல் ரோட்டில் நடந்த சேதத்துக்குக் காப்புறுதி உண்டா. மூன்றாவதுக்குப் பதில் இழுபட்டால், வவுனியாவில் ஹயஸ் பிடித்துக்கொள்ளுங்கள்.