எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜியில் பணம் கட்டும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்

பி.எஸ்சி. சைக்காலஜி முடித்துவிட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பம் வாங்கப் போகிறவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் 3,40,000 ரூபாய் போன பிறகுதான் எனக்கு இந்த விவரம் தெரிந்தது.

2021இல் ஒரு தனியார் கல்லூரியில் எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி, அதாவது மருத்துவ உளவியல், சேர்ந்தேன். அட்மிஷன் அறையில் அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "இத முடிச்சா பொண்ணு ஆஸ்பத்திரியில வேலை பாக்கலாமா சார்?" அங்கிருந்தவர், "தாராளமா. சொந்தமா கிளினிக்கே வைக்கலாம்" என்றார். அப்பா அந்த ஒரு பதிலை நம்பி, அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டார்.

இரண்டு ஆண்டு ஃபீஸ் 1,70,000. ஹாஸ்டலுக்கு 1,40,000. பிராக்டிகல், தேர்வு என்று 12,000. இன்டர்ன்ஷிப்புக்கு 18,000. வங்கியில் கல்விக்கடன் 2,50,000 கிடைத்தது. மீதி 90,000க்கு அம்மாவின் நான்கு பவுன் செயின் அடகுக்குப் போனது.

அந்த இன்டர்ன்ஷிப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கல்லூரியே ஒரு தனியார் மையத்துக்கு அனுப்பியது, பணமும் கல்லூரி வழியாகத்தான் போனது. ஒரு மாதம். நோயாளி வந்தால் எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிடுவார்கள். பழைய ஃபைல்களைப் பார்த்து நோட்டில் எழுதினோம், வரவேற்பில் டோக்கன் கொடுத்தோம். ஒரு அறிவுத்திறன் சோதனையைக்கூட நான் தனியாகச் செய்து பார்த்ததில்லை. கடைசி நாளில் 'மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி' என்று சர்ட்டிபிகேட் தந்தார்கள். அதை வாங்கும்போதே எனக்கு உறுத்தியது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

2023இல் படிப்பு முடிந்தது. சேலத்தில் ஒரு மருத்துவமனை நேர்காணலுக்குப் போனேன். மனநல மருத்துவர் என் மார்க் ஷீட்டைப் புரட்டிவிட்டு, "சிஆர்ஆர் நம்பர் என்னம்மா?" என்று கேட்டார். அப்படி ஒன்று இருப்பதையே அன்றுதான் கேள்விப்பட்டேன். பாவம், அவர் கால் மணி நேரம் ஒதுக்கிப் பொறுமையாக விளக்கினார்.

விஷயம் இதுதான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பணி செய்ய, இந்திய மறுவாழ்வு கவுன்சிலின், அதாவது ஆர்சிஐயின், மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைத்தான் சிஆர்ஆர் நம்பர் என்கிறார்கள். பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பதிவு வேண்டுமென்றால் ஆர்சிஐ அங்கீகரித்த படிப்பை முடித்திருக்க வேண்டும். எங்கள் காலத்தில் அதற்கு முதன்மையான வழி, முதுகலைக்குப் பிறகு இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. என் பட்டத்தில் 'கிளினிக்கல்' என்று அச்சடித்திருந்தது. ஆனால் என் படிப்புக்கு ஆர்சிஐ அங்கீகாரம் இல்லை.

சரி, எம்.ஃபில் படித்துவிடலாம் என்று பார்த்தால் எந்த நிறுவனத்திலும் இடங்கள் மிகக் குறைவு. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற அரசு நிறுவனங்களில் போட்டி கடுமை. நான் விசாரித்த ஒரு தனியார் இடத்தில் ஆண்டுக்கு 2,50,000 கேட்டார்கள். நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே, 2023 டிசம்பரில், எம்.ஃபில் பட்டமே செல்லாது என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, அறிவித்தது. அடுத்த மாதம் கிளினிக்கல் சைக்காலஜி உள்ளிட்ட இரண்டு எம்.ஃபில் படிப்புகளுக்கு மட்டும் 2025-26 வரை விலக்கு என்றது. நடுவில் இருந்த அந்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கமே இல்லை. விதிகள் இப்படி மாறுவதால், நீங்கள் சேரும் ஆண்டில் எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று ஆர்சிஐ இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்காரர் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். தொலைதூரக் கல்வியில் சைக்காலஜி என்று இன்னும் யாராவது ஆள் பிடித்தால், 2025-26 முதல் அதை நிறுத்தச் சொல்லி யுஜிசி உத்தரவிட்டிருப்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

அப்பாவும் நானும் கல்லூரிக்குப் போய்க் கேட்டோம். "பட்டம் தர்றோம்னுதான் சொன்னோம். லைசன்ஸ் தர்றோம்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்றார்கள். எங்கும் எழுதவில்லைதான். அப்பா பதில் பேசாமல் எழுந்து வந்துவிட்டார். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அவர் வாயே திறக்கவில்லை.

இப்போது ஒரு தனியார் பள்ளியில் கவுன்சிலராக இருக்கிறேன். சம்பளம் 13,000. ஆசிரியர் யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பையும் நான்தான் பார்க்க வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டில் கடன் தவணை தொடங்கிவிட்டது. படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அதையும் யாரும் சொல்லவில்லை. அம்மாவின் செயினை இன்னும் மீட்கவில்லை. சைக்காலஜி படித்ததில் எனக்கு வருத்தமே இல்லை. பேச ஆளில்லாமல் தவிக்கும் பிள்ளைகள் தினமும் என் அறைக்கு வருகிறார்கள். முழுப் பயிற்சி பெற்றிருந்தால் அவர்களுக்கு இன்னும் நன்றாகச் செய்திருப்பேனே என்பதுதான் என் ஆற்றாமை.

சமீபத்தில் சித்தி மகள் அதே கல்லூரிக்கு விசாரிக்கப் போனாள். நான் சொல்லி அனுப்பியபடி, "இந்தப் படிப்புக்கு ஆர்சிஐ அங்கீகாரக் கடிதம் இருந்தால் காட்டுங்கள், இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறாள். "அதெல்லாம் தேவையில்லம்மா, இத முடிச்சாலே சொந்தமா கிளினிக் வைக்கலாம்" என்றார்களாம். பணம் கட்டாமல் திரும்பி வந்துவிட்டாள்.