பட்டி நாயை இலவசமாகக் கொடுக்கப் போகிறவர்கள் இதை ஒருமுறை வாசியுங்கள்

மாட்டுப் பட்டியை விற்றாயிற்று, மாடு மேய்த்த பட்டி நாயை இனி என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் வன்னிச் சனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் அப்பாவின் மூன்று பட்டி நாய்களை நல்ல இடத்தில் சேர்க்கிறோம் என்று நம்பி ஓர் ஆளிடம் கொடுத்தோம். கொண்டுபோய் விற்றுவிட்டார். மூன்றில் ஒன்று இப்போது உயிரோடு இல்லை. ஆளின் பெயரை நான் போடவில்லை. அவர் கதைக்கும் விதத்தை அப்படியே எழுதுகிறேன், அதை வைத்து நீங்கள் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அப்பாவின் பட்டி மாங்குளம் – ஒட்டுசுட்டான் வீதியிலிருந்து உள்ளே போகும் காட்டோரம் இருந்தது. 2009இல் சண்டைக்குள் இடம்பெயர்ந்தபோது மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டு, அப்போதிருந்த இரண்டு நாய்களையும் விட்டுவிட்டுத்தான் வந்தார். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் ஓடி வந்தன என்று ஒரே ஒரு தடவை எங்களிடம் சொல்லியிருக்கிறார். முகாமால் திரும்பி வந்து நாலு பசுவோடு மறுபடி தொடங்கினார். பட்டி பெருகிக்கொண்டு வந்த நேரம், 2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர் காற்றில் வன்னி முழுக்க மாடுகள் விறைத்து விழுந்தன. எங்களுக்குப் பதினொன்று போனது. மேய்ச்சல் தரையும் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே போகிறது. காலபோக நெல் விதைத்துவிட்டால் மாட்டை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதே பெரிய சண்டை. போன வருடம் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. மிச்சமிருந்த முப்பத்துநாலு மாட்டையும் விற்று, அவரைக் கிளிநொச்சிக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். நாய்களும் கூட வந்தன.

தாய் ரொமி. ரொமியின் தாய் கொழும்பில் ஒரு மாடிவீட்டில் வளர்ந்த போர்டர் கொலி, மேய்ப்பு நாய் இனம். படத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்களால் அதன் ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அது போட்ட கலப்புக் குட்டிகளில் ஒன்றைச் சொந்தக்காரர் ஒருவர் அப்பாவுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். ரொமிக்கும் ஓர் ஊர் நாய்க்கும் பிறந்தவைதான் சீசரும் சுட்டியும். மூன்றையும் அப்பாவே பழக்கினார். 'மறி' என்றால் மாட்டுக்கு முன்னால் போய் நிற்கும். 'வளை' என்றால் கூட்டத்தைச் சுற்றி வரும். குரல் எட்டாத தூரத்துக்கு விரலை மடித்து ஒரு விசில். சுட்டி நெஞ்சு நிலத்தில் படுகிற மாதிரிப் பதுங்கி, ஒரு முன்னங்காலை மடித்துத் தூக்கியபடி மாட்டையே பார்த்துக்கொண்டு நிற்பான். குரைக்க மாட்டான். அந்தப் பார்வைக்கே நாம்பன் மாடும் திரும்பும். வேட்டைக் குணத்தில் துரத்துவதை வைத்துக்கொண்டு கடிப்பதை மட்டும் எடுத்துவிட்டால் வருவதுதான் மேய்ப்பு நாயின் குணம் என்று எங்கள் மிருக வைத்தியர் சொல்லுவார்.

அந்தக் குணத்தை ரவுணுக்குள் கட்டி வைக்க முடியாது. முதல் கிழமையே பக்கத்து வீட்டு அன்ரியின் கோழிகள் எல்லாவற்றையும் வேலி மூலைக்குள் ஒதுக்கி, மத்தியானம் வரை அசையவிடாமல் சுட்டி காவல் நின்றான். பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் போகும் பிள்ளைகளைச் சீசர் சுற்றி வளைத்தான். ஒரு பிள்ளையின் குதிக்காலில் பல் பட்டு இலேசாகக் கீறிவிட்டது. தடுப்பூசி எல்லாம் சரியாகப் போட்டிருந்ததால் பெரிய பிரச்சினை வரவில்லை, ஆனால் அன்று இரவே முடிவு எடுத்தோம். மாடோ ஆடோ உள்ள இடத்துக்குத்தான் இவர்கள் போக வேண்டும். அப்பா சரியென்று தலையை ஆட்டினார். "நல்ல கையாப் பார்த்துக் குடு பிள்ளை" என்றார். அந்த நேரம் அவருக்குச் சொல் தெளிவாக வராது. இந்த ஒரு வசனத்துக்கு எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று எனக்குத்தான் தெரியும்.

பேஸ்புக்கில் போட்டேன். 'இலவசம்' என்று போட்டேன். நான் விட்ட முதல் பிழை அது.

நிறையப் பேர் போன் எடுத்தார்கள். வீட்டுக் காவலுக்குக் கேட்டவர்களுக்கு இல்லையென்றேன். இந்த ஆள் இரண்டாம் நாள் எடுத்தார். வவுனியாப் பக்கம் நூறு ஆடும் கொஞ்ச மாடும் வைத்திருப்பதாகச் சொன்னார். குரல் அவ்வளவு பணிவு. "அக்கா, ஐயாட நாய் எண்டா அது எனக்குப் பிள்ளை மாதிரி. மூண்டையும் பிரிக்காமல் நானே எடுக்கிறன்" என்றார். பிரிக்காமல் என்ற அந்தச் சொல்லில்தான் நான் விழுந்தேன். தாயையும் மக்களையும் வேறு வேறாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை கதைக்கும்போதும் அதையே சொன்னார்.

இப்போது திரும்பிப் பார்த்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் இருந்திருக்கிறது. நாய்கள் எந்தச் சொல்லுக்குக் கேட்கும் என்று அவர் கேட்கவே இல்லை. வயது என்ன, உயரம் என்ன, கொலி என்பதற்குப் பத்திரம் இருக்கிறதா, இவைதான் கேட்டார். நின்ற நிலையில் பக்கவாட்டில் எடுத்த படங்கள் அனுப்பச் சொன்னார். உங்கள் பட்டியை வந்து பார்க்கலாமா என்றபோது, பாதை வெள்ளம், வாகனம் வராது என்றார். வேலை செய்யும் விதத்தைக் காட்டுகிறேன், பக்கத்துக் காணி ஆடுகளோடு விட்டுப் பாருங்கள் என்று நான் சொன்னதற்கு, "நேரமில்லை அக்கா, இருட்ட முதல் போகவேணும்" என்றார். ஆடு வைத்திருக்கும் ஒருவர், தன் ஆட்டை மேய்க்கப் போகும் நாயின் வேலையைப் பார்க்க விரும்பாமல் போவாரா? அப்பா நாய் எடுத்தால் ஒரு பகல் முழுக்க அதன் பின்னால் திரிவார்.

பட்டா என்கிற சின்ன லொறியில் வந்து ஏற்றினார். டீசல் செலவுக்கென்று 8,000 ரூபாவும் வாங்கினார். நாய்களின் தடுப்பூசி அட்டைகளைக் கையில் கொடுத்தேன். மூன்று அட்டையிலும் சிவப்புப் பேனையால் 'ஐவர்மெக்டின் ஊசி போடவே கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். மாட்டுக்கு உண்ணிக்கும் பூச்சிக்கும் போடும் மருந்துதான், பட்டிக்காரர் எல்லாருக்கும் தெரியும். ரொமி சிறிதாக இருந்தபோது சொறிக்கு அந்த ஊசியைப் போட்டு, இரண்டு நாள் எழும்ப முடியாமல் தள்ளாடினாள். கொலி வழி நாய்கள் சிலவற்றில் எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் குறை இருக்கும், மூளைக்குள் மருந்து சேராமல் வெளியே தள்ளுகிற வேலை நடக்காது, பிறக்கும் குட்டிகளுக்கும் அது வரலாம் என்று வைத்தியர் அப்போதே சொன்னார். போர்டர் கொலியில் அது அரிதாம், வேறு கொலி வகைகளில் அதிகமாம். எங்களுடையது கலப்பு, எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதனால் அட்டையில் எழுதியதோடு விடாமல் வாயாலும் இரண்டு தடவை சொன்னேன். "சரி அக்கா, சரி அக்கா" என்று அட்டைகளை மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார்.

போன பிறகு மூன்று நாள் பதில் வந்தது. நாலாம் நாள் போன் வேலை செய்யவில்லை.

இரண்டு கிழமை கழித்து என்னோடு படித்த ஒருத்தி ஒரு விற்பனை விளம்பரத்தை அனுப்பினாள். 'ஜேர்மன் வம்சத்துப் போர்டர் கொலி, காவலுக்குப் பழக்கியது, 85,000 ரூபா.' போர்டர் கொலி இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் நடுவே எல்லைப் பக்கத்தில் ஆடு மேய்க்க உருவான நாய். பெயரிலேயே எல்லை இருக்கிறது. ஜேர்மனியில் உருவானது நாங்கள் அல்சேஷன் என்கிற இனம். விற்கிறவருக்கு அதுகூடத் தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கினேன். சீசரின் இடது காது நுனியில் நரி கிழித்த வெட்டு. பின்னால் எங்கள் வீட்டு நீலத் தண்ணீர் பரல், அதன் பக்கத்தில் அப்பாவின் சாய்மனைக் கதிரையின் ஒரு கால். நான் அனுப்பிய படமேதான். திகதியைப் பார்த்தேன். எங்கள் படலைக்கு வந்து நாய்களை ஏற்றுவதற்கு இரண்டு நாளைக்கு முன்பே அந்த விளம்பரத்தைப் போட்டிருக்கிறார்.

பொலிஸுக்குப் போனேன். முறைப்பாடு எடுத்தார்கள். "நீங்களே விரும்பிச் சும்மா குடுத்திருக்கிறீங்கள், விக்கக்கூடாது எண்டு எழுத்தில ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்கள். இல்லை. வாகன இலக்கத்தைக் கூட நான் படம் எடுக்கவில்லை. மிருக வதைத் தடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, 1907இல் எழுதியது. எழுதியபோது அதில் வைத்த தண்டப்பணம் 100 ரூபா. அதை நம்பி ஒரு நாயை யாரிடமும் கொடுக்க முடியாது.

பிறகு நாங்களே தேடினோம். விளம்பரத்துக்குக் கீழே கதைத்திருந்த ஒருவரைப் பிடித்து, அவர் மூலமாகச் சீசர் செட்டிகுளம் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் நிற்பதாக அறிந்தேன். வாங்கிய அண்ணைக்கு 70,000 போயிருக்கிறது, அவரும் ஏமாந்தவர்தான். மூன்று முழம் வராத சங்கிலியில் சீசர் நின்றான். கழுத்து மயிர் உரிந்து தோல் தெரிந்தது. காதைத் திருப்பினேன், உள்ளே உண்ணி, இடைவெளி இல்லாமல் பாக்கு அடுக்கின மாதிரி. என்னைக் கண்டு குரைக்கவில்லை, வாலும் ஆட்டவில்லை. சங்கிலி விட்ட தூரத்துக்கு வந்து, என் காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். அந்த அண்ணை 30,000 வாங்கிக்கொண்டு அவிழ்த்துவிட்டார். மிச்சத்தைத் தன் நட்டமாக ஏற்றுக்கொண்டார், அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு மாதம் மருந்து கொடுத்துத்தான் சீசர் தேறினான்.

ரொமியைக் குட்டி போட வைக்கவென்று எடுத்திருக்கிறார்கள். அவளுக்குக் கருத்தடை செய்திருந்தது. அட்டையில் அதுவும் எழுதியிருந்தது, யாரும் வாசிக்கவில்லை. தெரியவந்ததும் ஏ9 வீதியில் ஓமந்தை தாண்டி இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே தேநீர்க் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர் பாணும் சோறும் போட்டு வைத்திருந்தார். நாங்கள் போட்ட படத்தைக் கண்டு அவரே எடுத்துச் சொன்னார்.

சுட்டியை நெடுங்கேணிப் பக்கம் ஆடு வைத்திருக்கும் ஒரு குடும்பம் வாங்கியிருந்தது. நல்ல மனிதர்கள். அவர்களிடம் அவன் வேலை செய்திருக்கிறான், ஆடு மறித்திருக்கிறான். வயிற்றில் சொறி கண்டு, ஆட்டுக்குப் போட்டு மிஞ்சிய ஐவர்மெக்டினைக் கண்மதிப்பில் ஏற்றியிருக்கிறார்கள். அன்று பின்னேரமே வாயில் நுரை, பின்னங்கால் இழுத்திருக்கிறது, கண் தெரியாமல் சுவரில் போய் முட்டியிருக்கிறான். அதை முறிக்க மருந்து கிடையாது, சேலைன் ஏற்றிக் காத்திருப்பதுதான். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது நாளாகியிருந்தது. அட்டை ஏதும் தந்தாரா என்று கேட்டேன். "என்ன அட்டை தங்கச்சி?" என்று அந்த அண்ணை திருப்பிக் கேட்டார். பாலை மரத்தடியில் புதைத்த இடத்தைக் காட்டினார். அவருடைய சின்ன மகள் மண்ணுக்கு மேல் கல் அடுக்கி வைத்திருந்தாள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அப்பாவுக்குச் சொல்லாமல் மறைக்க நினைத்தேன், முடியவில்லை. கேட்டுவிட்டு, விரலை மடித்து வாயில் வைத்தார். விசில் வரவில்லை. வலது பக்கம் இன்னும் சரியாகவில்லை.

சீசருக்கு இரண்டாம் தடவை வீடு பார்த்தபோது வேறு மாதிரிச் செய்தோம். துணுக்காய்ப் பக்கம் ஒரு குடும்பம் கேட்டது. முதலில் நான் போய் அவர்களின் பட்டியைப் பார்த்தேன். சாணி காய்ந்திருக்கிறதா புதிதா, தண்ணீர்த் தொட்டி எங்கே, ஏற்கெனவே நிற்கும் நாய் மெலிவா கொழுப்பா, எல்லாம். பிறகு அந்த ஐயாவை எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு, பக்கத்துக் காணியில் ஆடுகளோடு சீசரை விட்டோம். அவர் இரண்டு மணித்தியாலம் நின்று பார்த்தார். 'மறி'யை எந்த இழுப்பில் சொல்ல வேண்டும் என்று அப்பாவிடம் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பழகினார். இரண்டு கிழமை தவணைக்கு அனுப்பினோம், சரிவராவிட்டால் திருப்பி எடுப்போம் என்று சொல்லி. அடையாள அட்டைப் பிரதி வாங்கினேன். விற்கவோ கைமாற்றவோ மாட்டேன், வைத்திருக்க முடியாவிட்டால் எங்களிடமே தருவேன் என்று ஒரு தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். சின்னத் தொகை ஒன்றும் வாங்கினேன், சும்மா கிடைப்பதை விற்கத்தான் இப்படிப்பட்ட ஆட்கள் அலைகிறார்கள் என்பதால். தடுப்பூசி அட்டையின் படத்தை அந்தப் பகுதி அரச மிருக வைத்தியருக்கு நானே நேரே காட்டி, ஊசி விடயத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். இவ்வளவும் கேட்டதற்கு அந்த ஐயா முகம் சுளிக்கவில்லை. "கேக்கத்தான் வேணும்" என்றார்.

ரொமி எங்களோடுதான் நிற்கிறாள், அப்பாவின் கட்டிலுக்குக் கீழே. வயது போய்விட்டது, கோழிகளைப் பார்ப்பதோடு சரி.

இதை இப்போது எழுதக் காரணம், போன கிழமை அதே ஆள் வேறொரு பெயரில் மறுபடி வந்திருக்கிறார். முல்லைத்தீவுப் பக்கம் பட்டி விற்ற ஒரு வீட்டுக்கு எடுத்து, இரண்டு அல்சேஷன் கலப்பு நாய்களைக் கேட்டிருக்கிறார். "பிரிக்காமல் நானே எடுக்கிறன்" என்றாராம். அந்த வீட்டுப் பிள்ளை எனக்குத் தெரிந்தவள், குரல் பதிவை அனுப்பினாள். அவரேதான். உங்கள் பட்டியை நாளைக்கு வந்து பார்க்கிறோம் என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள். பாதை வெள்ளம் என்றாராம். மழை பெய்து ஒன்றரை மாதம்.