ரிச்சி தெருவுக்குப் போன நான்கு காலி காட்ரிட்ஜ்கள்

இந்த முறை ஸ்டுட்கார்ட்டிலிருந்து கிளம்பும்போது, பெட்டியில் சாக்லேட்டுக்கும் அம்மாவின் மூட்டுவலிக் களிம்புக்கும் நடுவே நான்கு காலி இங்க் காட்ரிட்ஜ்களைப் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தேன். “ஊருக்குக் குப்பை கொண்டுபோற ஒரே ஆள் நீங்கதான்” என்றாள் மனைவி. காலி என்று பிரிண்டர்தான் சொன்னது. கையில் எடுத்தால் கனமாகத்தான் இருந்தன. அதோடு, நான் அச்சடிப்பதெல்லாம் பையனின் பள்ளிக் கடிதமும் வரிக் காகிதமும். எல்லாமே கறுப்பு. மஞ்சள் மை எங்கே போனது என்று இரண்டு வருடமாக மண்டைக்குள் ஒரு குடைச்சல். பிரிண்டர் வாங்கியது 69 யூரோவுக்கு. புது மை ஒரு செட் 45 யூரோ.

சென்னையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். சனிக்கிழமை போனால் கூட்டம் தள்ளிக்கொண்டே போய்விடும். நான் போனது செவ்வாய் காலை. மீரான் சாகிப் தெருப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஆள் ஒருவர் உட்கார இடம் இருந்தால் அதிகம் என்கிற அளவில் ஒரு கடை. உள்ளே டோனர் பவுடர் புட்டிகள், சிரிஞ்சுகள், பிரித்துப் போட்ட டிரம்கள்.

“பாய், இதுக்கு ரீஃபில் பண்ண முடியுமா?”

அவர் கறுப்பை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் நகத்தளவு ஒட்டியிருந்த பச்சைச் சில்லை, அதாவது சிப்பை, விரலால் துடைத்தார். மேசை டிராயரிலிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் சாமான் ஒன்றை எடுத்தார். ரீசெட்டர் என்று பெயர். அதன் நுனியில் ஏழு ஊசிகள், ஸ்பிரிங் வைத்தவை. அதைச் சில்லின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தார். சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்றது. ஏழெட்டு நொடியில் பச்சை.

“முடிஞ்சிருச்சு சார். இப்ப இது ஃபுல்லு.”

“மையே ஊத்தலையே?”

“அது மெஷினுக்குத் தெரியாது சார்.”

இதைத்தான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். என்னுடையது போன்ற பிரிண்டரில் மை எவ்வளவு இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எத்தனை சொட்டு தெறித்தது, மை தெறிக்கிற முனையான ஹெட்டைக் கழுவுகிற க்ளீனிங்குக்கு எவ்வளவு போனது என்று மெஷின் கணக்குப் போட்டு, அந்த எண்ணைச் சிப்பில் எழுதிவைக்கிறது. எண் வரம்பைத் தொட்டதும் கதவைச் சாத்திவிடும். ரீசெட்டர் செய்வது அந்த எண்ணைப் பழையபடி மாற்றுவது மட்டும்தான். மஞ்சள் போன வழியும் புரிந்தது. கறுப்பு மட்டும் அடித்தாலும், க்ளீனிங் நடக்கும்போது நாலு கலரையும் சேர்த்துத்தான் உறிஞ்சுகிறது.

மெஷின் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு, அதையும் பாயே சொன்னார். ஹெட் மெஷினுக்குள்ளேயே நிரந்தரமாக இருக்கிற வகையில், மை சுத்தமாக வற்றிக் காற்று புகுந்தால் ஹெட் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பயந்து கொஞ்சம் மீதி வைத்தே நிறுத்துகிறார்கள். ஆகவே ரீசெட் மட்டும் செய்துவிட்டு மை ஊற்றாமல் ஓட்டினால் ஹெட்டுக்குச் சங்கு. ஹெட் காட்ரிட்ஜிலேயே இருக்கிற வகைக்கு இந்தக் கவலை குறைவு. போனால் அந்தக் காட்ரிட்ஜோடு போகும்.

கறுப்பிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சிக் காட்டினார். மூன்று மில்லி வந்தது. பள்ளியில் பக்கத்துப் பையன் பேனா வற்றிவிட்டால் டெஸ்க்கில் நாலு சொட்டுக் கடன் விடுவோம். இந்த மூன்று மில்லிக்கு ஒரு வகுப்பே பரீட்சை எழுதியிருக்கும்.

ரோஸ் மையான மெஜந்தாவில்தான் இடறியது. எவ்வளவு அழுத்தியும் சிவப்பு விளக்கு மாறவில்லை. “இது கம்பெனி சரக்கு இல்லையே சார்?” என்றார். ஆமாம், போன வருடம் ஆன்லைனில் மலிவாக வாங்கிய மாற்றுச் சரக்கு. ஒரு தடவைக்கு மட்டும் வேலை செய்கிற சிப்பாம், ரீசெட் ஆகாது. பிளேடால் அதை நெம்பி எடுத்துவிட்டு, 80 ரூபாய்க்குப் புதுச் சிப் ஒன்றைப் பசை தடவி ஒட்டினார். இதில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ‘காட்ரிட்ஜே இல்லை’ என்று பிரிண்டர் அடம்பிடிக்கும் என்பதால், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்து ஒட்டினார்.

ரீசெட்டர் 450, நான்கு கலரில் நூறு மில்லிப் புட்டிகள் 480, சிரிஞ்சு இனாம். பேரம் பேச மனம் வரவில்லை.

சிப்பே இல்லாமலும் பிரிண்டர்கள் ஓடும் என்பதற்கு, நான் இருக்கிற நாட்டிலேயே சாட்சி உண்டு. 2022 ஜனவரியில், உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு நிலவியபோது, கேனான் தன் அலுவலகப் பிரிண்டர்கள் சிலவற்றுக்குச் சிப் இல்லாத டோனர் (தூள் மை) காட்ரிட்ஜ்களை அனுப்பியது. எச்சரிக்கை வந்தால் எப்படித் தாண்டிப் போவது என்று ஜெர்மனி வாடிக்கையாளர்களுக்கு அதுவே சொல்லிக்கொடுத்தது. பாயிடம் இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால் அப்பாவின் டாங்க் பிரிண்டர் வேறு கோலத்தில் நின்றது. அதில் காட்ரிட்ஜும் கிடையாது, சிப்பும் கிடையாது, புட்டியிலிருந்து நேரே ஊற்றுகிற வகை. அதிலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. க்ளீனிங்கில் வழிகிற மை ஒரு பஞ்சில் போய்ச் சேரும். பஞ்சு நிறைந்திருக்கும் என்று கணக்கு சொன்னதும் இரண்டு விளக்கும் மாறி மாறி எரிந்து மெஷின் நின்றுவிடும். சர்வீஸ் சென்டரில் மெஷினை விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்களாம். குரோம்பேட்டையிலேயே வீட்டுக்கு வருகிற பையன் ஒருவன் கிடைத்தான். லேப்டாப்பில் கேபிளைச் செருகிக் கணக்கை அழித்தான். “அழிச்சா மட்டும் போதாது அங்கிள், பஞ்சு ரொம்பிடுச்சுன்னா மேசையெல்லாம் ஒழுகும்” என்று பின்பக்கத் திருகைக் கழற்றிப் பஞ்சை வெளியே எடுத்தான். கரிச்சட்டியைத் துடைத்த துணி மாதிரி இருந்தது. கொல்லைக் குழாயடியில் பிழியப் பிழியக் கறுப்பு போய் நீலம், நீலம் போய் ரோஸ். துவைக்கிற கல் இன்னமும் ரோஸாகத்தான் இருக்கிறது. அம்மா ஃபோனில் வாரம் ஒரு தடவை ஞாபகப்படுத்துகிறாள். பஞ்சை மாடிக் கம்பியில் ஒரு நாள் காயவைத்து மறுநாள் வந்து மாட்டினான். கூலி 500.

ஸ்டுட்கார்ட் திரும்பி நாலு மாதம் ஆகிறது. மை புட்டிகள் செக்-இன் பெட்டியில் சொட்டுக்கூடச் சிந்தாமல் வந்தன. கறுப்பு, நீலம், மஞ்சள் மூன்றையும் ஒவ்வொரு தடவை ரீசெட் செய்தாயிற்று. முதல் தடவை அவசரத்தில் நீலத்தை நிறைய ஊற்றி, விரலில் இரண்டு நாள் அது போகவில்லை. கலர் படத்தில் தோல் நிறம் லேசாகப் பச்சையடிக்கிறது, பள்ளிக் கடிதத்துக்கு அது போதும். பிரிண்டர் மட்டும் வாரம் ஒரு முறை ‘புதிய அப்டேட் தயார்’ என்று திரையில் கேட்கிறது. அப்டேட் போட்டால் வெளிச் சிப்பையெல்லாம் மெஷின் ஒதுக்கிவிடலாம் என்று பாய் எச்சரித்திருந்தார். ஒட்டுச் சிப்போடு ஓடுகிற மெஜந்தாவை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ‘வேண்டாம்’ அழுத்துகிறேன்.